சுக்கு வேஷம் கட்டும் கொட்டகை

விம்கோ நகரில் மெட்ரோவை விட்டு இறங்கும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை இன்னமும் சுமந்துகொண்டிருக்கும் ஸ்டேஷன் அது. நான் போய்க்கொண்டிருந்ததும் ஒரு நெருப்புச் சமாசாரத்துக்குத்தான். என் தோழிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள். நெட்டுக்குப்பத்தில் அவள் ஆயா பிரசவ மருந்து கிண்டப் போகிறாள். "பாக்கறியாடி?" என்று தோழி போனில் கேட்ட நொடியில் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

இது லேசில் கிடைக்கிற அனுமதி இல்லை. மருந்து கிண்டும் இடத்துக்கு வெளி ஆட்களை விடமாட்டார்கள்; கண் பட்டால் பதம் தப்பும் என்பார்கள். சின்ன வயதில் தெருக்கூத்து பார்க்கப் போனால் எனக்குப் பார்வை மேடையில் இருக்காது, பின்னால் ஓலைக் கொட்டகையில்தான் இருக்கும். அங்கேதான் துரியோதனன் பீடியை அணைத்துவிட்டு முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருப்பான். அந்தக் கொட்டகைக்குள் ஒரு தடவையாவது தலையை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டுப் பத்திரிகை வேலைக்கு வந்தவளுக்கு, வேரும் கிழங்கும் வேஷம் கட்டுகிற அடுப்படி இன்னொரு கூத்துக் கொட்டகை. வெற்றிலைக் கட்டு ஒன்றை லஞ்சமாக வாங்கிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் எல்லாருமே எதையாவது காய்ச்சிக்கொண்டிருப்பவர்கள்தான். மணலியில் கச்சா எண்ணெயைக் காய்ச்சுகிறார்கள். எண்ணூர் ஓடைக்கு அப்பால் தண்ணீரைக் காய்ச்சி மின்சாரம் எடுக்கிறார்கள்; 1970-ல் புகைய ஆரம்பித்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் ஓய்ந்தாலும் வடசென்னை நிலையத்தின் புகைபோக்கிகள் ஓயவில்லை. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, இத்தனை கொதிகலன்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது நெட்டுக்குப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஓடையில் படிந்து, இங்கே படகும் வலையும் கறுத்துப்போனதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயா அதைப் பற்றி ஒரு வரிதான் சொன்னாள்: "அப்போ ஒரு மாசம் வூட்ல மீன் வாசனையே இல்ல கண்ணு." பிறகு முறத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

அடடா, அந்த முறம்! ராசப்பச் செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையிலிருந்து வந்த பொட்டலங்கள் பிரிந்து கிடந்தன. சுக்கு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், விரலி மஞ்சள், வசம்பு, ஒரு கைப்பிடி அமுக்கரா கிழங்கு. பார்க்க எல்லாமே காய்ந்த சுள்ளி. தெருவில் கிடந்தால் அடுப்பெரிக்கக்கூட எடுக்க மாட்டோம். மிளகும் ஓமமும் ஓரமாக இருந்தன. அவை வேர் இல்லை, துணை நடிகர்கள்.

"இன்னா, அப்டியே அடுப்புக்குள்ள பூந்து பாக்கப் போறியா?" என்றாள் ஆயா. ஆமாம் ஆயா, அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

முதல் காட்சி சுக்கு. முந்தின நாளே சுக்கைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மேல்தோலைச் சுரண்டி வைத்திருந்தாள். ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், ஊறினால் போதுமாம். சித்த மருத்துவத்தில் இதற்குச் சுத்தி என்று பெயர். கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, சுக்குக்கு வெளியே நஞ்சு என்று எல்லா வீட்டுப் பாட்டிகளும் சொல்வார்களே, அதன் செய்முறை வடிவம். தோல் நீக்கிய சுக்கை உரலில் போட்டு நொறுக்கி, சவுக்கு விறகு மெல்லக் கனிந்துகொண்டிருந்த அடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றி, எண்ணெய் விடாமல் இளவறுப்பாக வறுக்கத் தொடங்கினாள்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் போனில் வீடியோ எடுத்து எடுத்து அலுத்துப்போனேன். சட்டியிலிருந்து வந்தது பழைய மர அலமாரியைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு மண் வாசனை மட்டும்தான். அப்புறம் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினது போல ஒரு கீற்று எழுந்து, எழுந்த வேகத்தில் போயே போய்விட்டது. இஞ்சியின் எண்ணெய்ப் பசை வாசனைகள் ஆவியாகி விடைபெறும் நேரம் அது. துண்டுகளின் ஓரம் மட்டும் தேன் நிறத்துக்கு வந்தது. திடீரென்று மூக்கின் உச்சியில், கண்ணுக்குப் பின்னால், யாரோ ஊசியால் தொட்ட மாதிரி ஒரு காரம். எனக்குத் தும்மல் வந்தது. ஆயா சட்டியை அதே நொடியில் இறக்கிவிட்டாள்.

"எப்டி ஆயா தெரிஞ்சுது?"

"நீ தும்முன இல்ல?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவளுடைய கருவியே என் மூக்குதான்! ஆனால் அந்தத் தும்மலுக்குப் பின்னால் நடந்திருப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். பச்சை இஞ்சியின் காரத்துக்கு முக்கியப் பொறுப்பாளி 6-ஜிஞ்சரால் என்கிற மூலக்கூறு. அதன் நீண்ட வாலில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொங்கட்டான் இருக்கிறது. இஞ்சி காயக் காய, சூடு ஏற ஏற, அந்தத் தொங்கட்டான் பக்கத்திலிருக்கும் ஒரு ஹைட்ரஜனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தண்ணீராக மாறிக் கழன்று ஓடிவிடுகிறது. போனது ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு. மிச்சம் நிற்பவன் ஷோகோல். இஞ்சிக்கு ஜப்பானியர் சொல்லும் 'ஷோகா' என்ற பெயரிலிருந்து வந்த பெயர். காரத்தில் ஜிஞ்சராலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இஞ்சியை மென்றால் நாக்கோடு நிற்கிற காரம், சுக்குக் காபி குடித்தால் காது வரை போவது இந்தத் தம்பியின் கைங்கரியம்தான்.

அது மட்டுமா? ஈரத்தோடு கொதிக்கவைத்தால் ஜிஞ்சராலில் ஒரு பகுதி நடுவில் உடைந்து ஜிஞ்சரோன் என்று இன்னொரு வேஷமும் கட்டும். அதற்குக் காரம் குறைவு, இனிப்பு கலந்த மணம். 1917-ல் ஹிரோஷி நோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இஞ்சித் துவையல், இஞ்சி டீ, சுக்கு லேகியம் மூன்றும் ஒரே கிழங்குதான், ஆனால் மூன்றிலும் வந்து ஆடுகிற ஆள் வேறு. தண்ணீரில் கொதிக்கும்போது ஷோகோல் உண்டாவது மந்தம். ஈரமில்லாத சட்டிச் சூட்டில் மளமளவென்று உண்டாகும். கழன்று ஓடிய தண்ணீர் மூலக்கூறு, சுற்றிலும் தண்ணீராகவே இருந்தால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளவும் பார்க்கும். அதனால்தான் ஆயா எண்ணெயும் விடாமல் தண்ணீரும் காட்டாமல் வறட்டு வறுவலாக வறுத்தாள் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "சுக்க ஈரமா இடிச்சா பொடியாவாது கண்ணு, சட்டினியாத்தான் ஆவும்" என்று அவள் தன் காரணத்தைச் சொன்னாள். அதுவும் சரிதானே.

இடித்த பொடியைப் பழைய வேட்டித் துணியில் கட்டிச் சலித்தாள். இதை வஸ்திரகாயம் என்பார்கள். தூள் பறந்து, உள்ளறையில் படுத்திருந்த தோழிவரை தும்மல் பரவியது.

அடுத்து, பேர் சொல்லாதது. ஆம், வசம்பைத்தான் சொல்கிறேன். பொழுது சாய்ந்தபின் அதன் பெயரை உச்சரிக்கக் கூடாது. பிள்ளை வளர்ப்பான் என்றோ பேர் சொல்லா மருந்து என்றோதான் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் அப்போது மணி பகல் பதினொன்று. ஆயா அப்போதும் சொல்லவில்லை, விரலால் காட்டினாள். ஒரு துண்டை விளக்கெண்ணெயில் தோய்த்து, அகல் விளக்குச் சுடரில் பிடித்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். வேரின் தோலில் குமிழ் குமிழாக எண்ணெய் பொரிந்து வெளியே வந்தது. ஒவ்வொரு குமிழும் வெடிக்கும்போது ஒரு குட்டி மஞ்சள் சுடர். தீபாவளி சாட்டையின் கடைசித் தம்பி மாதிரி இருந்தது! மூன்று நிமிடத்தில் அது கரித்துண்டாகிவிட்டது.

எனக்கு அந்தக் குமிழ்கள்தான் கதாநாயகர்கள். நம்மூர் வசம்பின் எண்ணெயில் பெரும்பங்கு பீட்டா அசரோன் என்ற பொருள். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்த சோதனைகளில் புற்றுக்கட்டிகள் வந்ததால், 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதையே தடை செய்தது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் முளைக்கிற வசம்பு வகையில் இந்தப் பீட்டா அசரோன் கிடையாது. நம் வகைக்குக் குரோமோசோம் நான்கு அடுக்கு, அவர்களுடையதற்கு இரண்டு அடுக்கு. அடுக்கு ஏற ஏற இந்த எண்ணெயும் ஏறுகிறது. ஆக, உலகத்திலேயே வீரியமான வசம்பு கையில் இருக்கிற ஊரில்தான் அதைச் சுடாமல் பிள்ளைக்குத் தொடவே கூடாது என்ற வழக்கமும் வளர்ந்திருக்கிறது. நான் பார்த்த அந்த உஸ், ஆவியாகக்கூடிய எண்ணெய் எரிந்து போகிற சத்தம். கரியான மேற்புறத்தில் அது கொஞ்சமே தங்கும். சுடாத நடுத்தண்டிலோ அது தங்கத்தான் செய்யும். சரியாகச் சுடாத துண்டை இழைத்து ஊட்டுவது விளையாட்டல்ல. பிறந்து ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வதை நானும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோழியும் உள்ளேயிருந்து அதையேதான் கத்தினாள்: "ஆயா, பாப்பா வாயில வெக்காத!"

"வாயில யார்றீ வெச்சா, வயித்துல தடவத்தான்" என்று ஆயா பதிலுக்குக் கத்தினாள். வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு உடன்படிக்கை இருக்கிறது என்று புரிந்தது. கரியை இழைத்துக் குழந்தையின் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அந்தக் கறுப்பு வட்டத்தோடு பாப்பா தூங்கிய அழகை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

நடுவில் என் சொந்த மானக்கேடு ஒன்று. போன கோடையில் நன்னாரி சர்பத் வீட்டிலேயே போடுகிறேன் பேர்வழி என்று, கழுவி நசுக்கிய நன்னாரி வேரைப் பிரஷர் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டேன். முதல் விசிலுக்கே மாடிப்படி வரை கமகமவென்று மணம். பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். நான் பூரித்துப்போனேன். ஆறிய பிறகு குக்கரைத் திறந்தால் உள்ளே இருந்தது மழையில் நனைந்த கதவின் சாறு. மணம் அத்தனையும் விசில் வழியே ஊருக்குப் போய்விட்டது! நன்னாரியின் வாசனை வெனிலாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்; இரண்டுக்கும் அணுக்கணக்கு ஒன்றுதான், கை கால் பொருத்திய இடம் மட்டும் வேறு. அது நீராவியோடு கைகோத்துப் பறக்கிற ஜாதி. பழைய ஆட்கள் நன்னாரியைக் கொதிக்கவிடாமல், வெந்நீர் ஊற்றி மூடி ராத்திரி முழுக்க ஊறவைத்தது அதற்குத்தான். வேருக்கு வேர் நெருப்பு வேறு என்பதை ஆறு விசிலும் நூற்றைம்பது ரூபாய் வேரும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஆயாவிடம் சொன்னபோது வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள்.

இப்போது மருந்துக் குழம்பு. இதற்காகத்தான் நான் விம்கோ நகரிலிருந்தே துள்ளிக்கொண்டு வந்தேன்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக. அதில் உரித்த முழுப் பூண்டு நாற்பது ஐம்பது பல். அரைத்த விழுதில் சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, ஓமம், மஞ்சள். கண்டந்திப்பிலி என்பது திப்பிலிக் கொடியின் வேரும் கணுவும். மிளகில் இருக்கிற பைப்பரின் இதிலும் உண்டு. பிள்ளைச்சுறா கிடைத்தால் புட்டு தனியாக, தாய்க்குப் பால் ஊற, குழம்பு தனியாக. விழுதைப் போடுவதற்கு முன்னால் கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி அது ஒரு கொதி வந்த பிறகுதான் மஞ்சள் விழுதைச் சேர்த்தாள். நான் கிட்டத்தட்ட எழுந்து நின்று கைதட்டினேன்.

ஏன் என்கிறீர்களா? மைசூரில் இருக்கிறதே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், அங்கே நம் சமையலை அப்படியே ஆய்வுக்கூடத்தில் சமைத்துப் பார்த்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மஞ்சளை வேகவைத்தால் அதன் குர்குமின் 27 முதல் 53 சதவீதம் வரை காணாமல் போகிறது. அதிக நஷ்டம் பிரஷர் குக்கரில் 10 நிமிடம் வைக்கும்போது. மிளகின் பைப்பரினும் 16 முதல் 34 சதவீதம் போகிறது. மஞ்சளோடு மிளகாய் சேர்த்துப் பார்த்தார்கள். குர்குமின் நஷ்டத்தில் மாற்றமில்லை. புளி சேர்த்துப் பார்த்தார்கள். நஷ்டம் 12 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது!

புளி குடை பிடிக்கிறது, ஐயா! ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்குமே, அது சுண்ணாம்பின் காரத்தன்மையில் குர்குமின் படுகிற பாட்டின் நிறம். அந்தக் காரத்தன்மையில் அது நிலைகொள்ளாது, பொடிப்பொடியாக உதிரும். புளிப்பில் நிதானமாக உட்காரும். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மஞ்சளைத் தனியே கொதிக்கவைப்பதற்கும் புளிக்கரைசலில் கொதிக்கவைப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம். ஆயாவைக் கேட்டேன், ஏன் புளி முதலில்? "பச்ச வாசன போவணும்ல." மஞ்சளின் பச்சை வாசனையா, புளியின் பச்சை வாசனையா என்று குடைந்தேன். "ரெண்டும்" என்றாள். வேதியியல் படித்தவளுக்கு இதற்குமேல் மரியாதை எதிர்பார்க்க முடியாது. அவளுக்குக் குர்குமின் தெரிந்திருந்தது என்று நான் கதை கட்டப் போவதில்லை. ருசிக்காக வந்த வரிசை அது. அந்த வரிசைக்குள் ஒரு லாபமும் சேர்ந்து ஒளிந்திருக்கிறது என்பதுதான் என்னைத் துள்ளவைத்தது.

இன்னொரு விஷயம். முறத்தில் கிடந்த அந்த விரலி மஞ்சள் ஏற்கெனவே ஒரு தடவை வெந்து வந்ததுதான். ஈரோட்டில் அறுவடையானதும் பச்சைக் கிழங்கை முக்கால் மணி, ஒரு மணி நேரம் கொப்பரையில் வேகவைப்பார்கள். நுரை கட்டி, வெள்ளை ஆவியோடு மஞ்சளின் கனத்த மணம் எழுந்ததும் ஒரு குச்சியால் குத்திப் பார்த்து இறக்கிவிடுவார்கள். பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயில். வேகாத கிழங்கு முளைத்துவிடும், ஒரே சீராகக் காயாது. ஆக நம் குழம்பில் விழுவது இரண்டாவது முறை நெருப்பைப் பார்க்கிற மஞ்சள். முதல் மேக்கப் ஈரோட்டிலேயே முடிந்துவிட்டது.

போனதெல்லாம் போகட்டும், மிச்சமிருக்கிற குர்குமின் உடம்பில் ஒட்டுமா? தனியாகச் சாப்பிட்டால் ஒட்டாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாக விழுங்கியவர்களின் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்துக்குள் போய்ச்சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. ஆயாவின் சட்டியில் மஞ்சள், பக்கத்தில் மிளகும் கண்டந்திப்பிலியும், கரைத்துச் சுமக்க நல்லெண்ணெய். ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த மாத்திரை, குழம்பில் கரைவது ஒரு துண்டு மஞ்சள்; அளவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இருந்தாலும் அந்தச் சேர்க்கையைச் சட்டிக்குள் நேரில் பார்ப்பது, சினிமா நட்சத்திரங்கள் மூன்று பேரை ஒரே டீக்கடையில் பார்த்தது போலத்தான் இருந்தது.

பூண்டு விஷயத்தில் மட்டும் ஆயா மேல் எனக்குக் கொஞ்சம் குறை. நசுக்கி பத்து நிமிடம் காற்றாட விட்டுவிட்டு எண்ணெயில் போட்டிருந்தால் அதன் காரச்சத்து உருவாகத் தேவையான நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைத்திருக்கும். முழுப் பல்லாக எண்ணெயில் விழுந்தால் நொதி முதல் நிமிடத்திலேயே வெந்து அடங்கிவிடும். வாயில் வெண்ணெயாகக் கரையும் பூண்டுதான் வேண்டும் என்றால் சரி. தோழியும் அதற்காகத்தான் அந்தக் குழம்பையே தொடுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அமுக்கராவுக்கு இன்னொரு அடுப்பு. பானையில் பாதிக்குப் பாலும் தண்ணீரும், வாய்க்கு வேடு கட்டி, துணிமேல் அமுக்கராப் பொடி, மேலே ஒரு மூடி. பால் கொதித்து ஆவி துணியைத் துளைத்து மேலே போகும். பிட்டு அவிப்பது போல அவிப்பதால் இதற்குப் பிட்டவியல் என்றே சித்த நூல்களில் பெயர். பிறகு காயவைத்து மறுபடி பொடிப்பார்கள். குதிரை வியர்வை மாதிரி நாறுகிற கிழங்கு, அவிந்து வெளியே வரும்போது பால்கோவாக் கடையின் பின்கட்டு மாதிரி மணந்தது.

கொரியர்களும் ஜின்செங் வேரை இதே மாதிரி ஆவியில் அவித்துத்தான் சிவப்பு ஜின்செங் செய்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேர ஆவியில் அந்த வேரிலுள்ள ஜின்செனோசைடு என்ற சத்துகள் தம்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளில் சிலவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, பச்சை வேரில் பேருக்குக்கூட இல்லாத புதிய ஆட்களாக மாறுகின்றன. ஆர்ஜி3 என்பவர் அவர்களில் பிரபலம். வெள்ளை வேர் சிவப்பாவது, தோசை முறுகுகிற அதே சர்க்கரை–புரத விளையாட்டு. விலை சிவப்புக்குத்தான் அதிகம்!

முறத்தில் இல்லாத ஒரு கிழங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நாபி வாங்கலையா ஆயா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. "அத்த வூட்ல வெச்சி ஆட்ற சாமானா? வைத்தியரு கையில இருக்க வேண்டியது அது." அவள் சொன்னது முழுக்கச் சரி. வச்சநாபி இமயமலைக் கிழங்கு. அதன் அகோனிடின் சில மில்லிகிராம் உடம்பில் சேர்ந்தாலே இதயத்தின் தாளம் கலைந்து உயிர் போகும். முறிவு மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் அதைக் கோமூத்திரத்தில் ஊறவைத்தும் பாலில் வேகவைத்தும் சுத்தி செய்கிறார்கள். நீண்ட நேரம் கொதிக்கும்போது அகோனிடின் மூலக்கூறு முதலில் ஒரு அசிட்டைல் துண்டைக் கழற்றுகிறது; நஞ்சு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. இன்னும் கொதித்தால் பென்சாயில் துண்டும் கழன்று, இன்னும் பலமடங்கு சாதுவாகிறது. நஞ்சுக்கும் மருந்துக்கும் நடுவில் இருப்பது அடுப்பு எரிகிற நேரம் மட்டுமே. 1990-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில், இதன் சீன உறவுக் கிழங்கைப் போதுமான நேரம் கொதிக்கவைக்காமல் குடித்தவர்கள் வரிசையாக மருத்துவமனையில் வந்து விழுந்தார்கள். நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளில் நச்சுப் பொருள்களுக்கென்று ஒரு தனி அட்டவணையே இருக்கிறது, நாபிக்கு அதில் இடம் உண்டு. யூட்யூப் பார்த்து இதை வீட்டில் காய்ச்சுகிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.

அதிமதுரத்துக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் இல்லை. கொதிக்கவைத்தாலும் அதன் இனிப்புச் சத்து பெரும்பாலும் அப்படியே நிற்கும். மேக்கப்பே போடாமல் மேடைக்குப் போகிற ஆசாமி.

மதியம் இரண்டு மணிக்கு லேகியம். பனைவெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சினாள். வெறும் தண்ணீர் நூறு டிகிரிக்குமேல் ஏறாது. பாகு கெட்டியாகக் கெட்டியாக அதைத் தாண்டிப் போகும். கொதியின் சத்தமே மாறியது. முதலில் சலசல, பிறகு ளொப் ளொப், கடைசியில் எரிமலை வீடியோவில் வருகிற மாதிரி மெதுவாக ஒரு குமிழ் வீங்கி, யோசித்து, வெடித்தது. அப்போதுதான் பொடிகளைத் தூவினாள். நான் கிண்டக் கேட்டேன். கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் தோள்பட்டை கழன்றது, துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். எழுபது வயதுக் கை அது. நெய்யும் நல்லெண்ணெயும் விட விட உறிஞ்சிக்கொண்டே இருந்த உருண்டை, ஒரு கட்டத்தில் போதும் என்று எண்ணெயைத் திரும்பக் கக்கத் தொடங்கியது. ஒரு துளியைத் தண்ணீரில் போட்டாள். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. இறக்கியாயிற்று.

தேன் குப்பி தயாராக இருந்தும் அவள் தொடவில்லை. "சட்டிய தொட்டா கை சுடக் கூடாது, அப்புறந்தான் தேனு." தேனைச் சூடாக்கினால் அதன் சர்க்கரை சிதைந்து வேறு ஒன்றாகும் என்று நான் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஆயா அதற்குள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். ஓடைப் பக்கமிருந்து உப்புக்காற்று வந்தது. அக்கரைப் புகைபோக்கிகள் தங்கள் பங்குக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

தோழிக்கு நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று போயிற்று. "இன்னும் முப்பது நாளு இத்த துன்னணுமாம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். எனக்குச் சட்டி வழித்தது. துடுப்பு முனையிலிருந்து ஒரு கீற்றை நாக்கில் வைத்தேன். முதலில் பனைவெல்லம், அப்புறம் ஓமம், அப்புறம் ஒன்றுமில்லை. சரி இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு துடுப்பைக் கீழே வைக்கும்போது தொண்டையில் தொடங்கிக் காதுக்குப் பின்னால் போய் உச்சந்தலையில் முடிந்தது ஒரு ஓட்டம். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

ஆயா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"மூக்க தொடச்சிக்கோ கண்ணு. லேகியத்துல வுயுந்துடப் போவுது."